நாணல் அம்பு: யாழ்ப்பாணத்தில் தடி தேடுவோருக்கான கேள்வி பதில்

கையால் செதுக்கிய மரவில்லுக்கு, கடையில் வாங்காத தடியில் அம்பு செய்ய விரும்புவோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இங்கே உள்ளன. எல்லாம் இலக்குப் பலகைக்கு எய்யும் அம்பைப் பற்றியவை. வேட்டை பற்றி ஒரு கேள்வி வரும். அதற்குப் பதில் குறுகியது.

ஆங்கிலத்தில் அம்புத்தடிக்குச் சொல்லும் ‘கேன்’ (cane) என்றால் பிரம்புதானே? பிரம்பில் அம்பு செய்யலாமா?

முதற் குழப்பமே இதுதான். பள்ளிக்கூடத்தில் வாங்கிய அடியால் எங்களுக்குப் பிரம்பு நன்றாகத் தெரியும். அது வளையும், முறியாது, உள்ளே முழுக்கக் கட்டி. அடிக்கு உதவும் அந்தக் குணங்களே அம்புக்கு உதவாதவை. ஒரே தடிப்பில் நாணலைவிடப் பிரம்பு மிகவும் பாரம். வளைந்தால் சட்டென்று நிமிராமல் ஆடிக்கொண்டே போகும். அம்புக்கு வேண்டியது உள்ளே பொள்ளலாக, பாரமில்லாமல், வளைந்த மறுகணமே நிமிரும் தடி. ஆங்கிலத்தில் இந்த வேலைக்குக் ‘கேன்’ என்று சொல்வது புல்லினத்துத் தடிகளை, அதாவது நாணலையும் மெல்லிய மூங்கிலையும். பிரம்பு பனையின் குடும்பம்.

வெளிநாட்டுக் காணொளிகளில் வெட்டுகிறார்களே, அந்த ரிவர் கேன் இங்கே கிடைக்குமா?

கிடைக்காது. அது அருண்டினாரியா என்ற மெல்லிய மூங்கிற் சாதி, ஐக்கிய அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதிக்கு உரியது. அங்குள்ள பழங்குடிகள் அம்புக்கும் கூடைக்கும் பயன்படுத்தியது அதைத்தான்.

எங்கள் தீவில் அதற்குக் கிட்ட வருபவை இரண்டு. ஒன்று சிங்களத்தில் ‘பட்ட’ எனப்படும் ஓக்லாண்ட்ரா. இலங்கைக்கே உரிய இந்த மெல்லிய மூங்கில் தென்மேற்கு ஈரவலயத்தில் பற்றையாக வளரும். சிறுவிரல் முதல் பெருவிரல் வரை தடிப்பு, நீண்ட கணுவிடை. சிங்களத்தில் புல்லாங்குழலைப் ‘பட்டநளாவ’ என்பது இதை வைத்துத்தான். காலி, களுத்துறை, இரத்தினபுரிப் பக்கம் உறவோ நட்போ இருந்தால், காணிக்காரரிடம் கேட்டு வெட்டிய ஒரு கட்டுத் தடி வருவித்துக் கொள்ளுங்கள். நாணலைவிட ஒரு படி மேலான தடி அது. மற்றது ஹோட்டன் சமவெளியின் குட்டை மூங்கில். முன்னாளில் தாவரவியலார் அதை அருண்டினாரியா என்றே வகைப்படுத்தி வைத்திருந்தார்கள். ஆனால் அது நிற்பது தேசியப் பூங்காவுக்குள். கை வைக்க முடியாது.

அப்போ யாழ்ப்பாணத்தில் எதைத் தேடுவது?

நாணலைத்தான். ஆனால் பெயரை நம்பிப் புறப்பட வேண்டாம். ஒரு ஊரில் நாணல் என்பது அடுத்த ஊரில் கொறுக்கை. தமிழ்நாட்டில் பலர் நாணல் என்று காட்டுவது வெள்ளைக் கதிர் விடும் பேய்க்கரும்பை. பழந்தமிழில் வேழம் என்றால் மூங்கிலா, கரும்பா, கொறுக்கையா என்று இடம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ‘சரம்’ நாணலுக்கும் பெயர், அம்புக்கும் பெயர். முருகன் பிறந்த சரவணப் பொய்கையும் நாணற்காட்டுப் பொய்கைதான். சொல் இத்தனை பழசு என்பதால் குழப்பமும் அத்தனை பழசு. எனவே தடியை வெட்டி, குறுக்கே பார்த்து முடிவு செய்யுங்கள்.

பற்றைக்குள் நின்று எப்படிப் பிரித்தறிவது?

முதலில் கணு இருக்கிறதா என்று பாருங்கள். கணுவே இல்லாமல் அடியிலிருந்து தட்டையான இலைகள் எழும்பி, நடுவே மண்ணிறச் சுருட்டுப் போலப் பூ நின்றால் அது சம்பு. தண்டு முக்கோணமாக அல்லது உள்ளே பஞ்சு போல இருந்தால் கோரை, பன் வகை. பாய் இழைக்கலாம், அம்பாகாது.

கணு உள்ளவற்றில் மூன்றை அறிந்தால் போதும்.

நாணல்: சீராகச் செய்தால் நல்ல அம்பு தருவது இது. ஆளுயரத்துக்கு மேல் வளரும். தண்டு சிறுவிரல் தடிப்பு, வெட்டினால் நடுவில் சுத்தமான பொள்ளல். இலையைத் தண்டிலிருந்து மெல்லக் கீழே வளைத்து, இரண்டும் சேரும் உட்பக்கத்தைப் பாருங்கள். மெல்லிய சவ்வுக்குப் பதிலாக வரிசையாக மயிர் நிற்கும். பூங்கதிர் ஊதாவும் மண்ணிறமும் கலந்து, ஒரு பக்கம் சரிந்து தொங்கும்.

கொறுக்கை: இதே தோற்றம், எல்லாம் இரட்டிப்பு. அடித்தண்டு பெருவிரலுக்கு மேல். இலையின் அடி அகன்று, காது மடல் போலத் தண்டைக் கட்டிப் பிடிக்கும். நாதஸ்வரச் சீவாளிக்குப் போவது இந்தத் தட்டைதான். அடித்தண்டு அம்புக்குப் பருமன். ஆனால் இரண்டாம் வருடத்தில் கணுக்களிலிருந்து கிளைக்கும் பக்கக் கிளைகள் அளவாக இருக்கும்.

பேய்க்கரும்பு: பளபளவென்ற வெள்ளைக் கதிர், நடுவில் வெள்ளை நரம்போடு ஒடுங்கிய இலை. தண்டு மெல்லியது, உள்ளே சோறு நிறைந்திருக்கும். காய்ந்தால் அந்தச் சோறு சுருங்கித் தடி நெளியும். சிறுவர் வில்லுக்குப் போதும். நாணை இழுக்க 30 இறாத்தலுக்கு மேல் விசை வேண்டிய வில்லுக்கு வேண்டாம்.

எங்கே போய்த் தேடலாம்?

குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. மழைக்கு ஓடும் வழுக்கியாறு ஒன்றுதான், அதுவும் மாசிக்குள் அடங்கிவிடும். எனவே நன்னீர் தேங்கி நிற்கும் தாழ்வான இடங்களைத் தேடுங்கள்: வயற்கரை வாய்க்கால், குளங்களின் பின்வளம், பாவிக்காத துரவு, கேணி. நாணல் கொஞ்சம் உப்பைத் தாங்கும், ஆனால் தொண்டைமானாறு, உப்பாறு போன்ற உவர்நீர்க் கரையில் நிற்பது குட்டையாக, கணு நெருங்கி நிற்கும். தூரத்தில் பச்சையாகத் தெரிந்தது கிட்டப் போனால் பென்சில் தடிப்பில் இருக்கும்.

நீளமான தடி வேண்டுமானால் வன்னிக்குத்தான் போக வேண்டும். இரணைமடுவுக்கு நீர் கொண்டுவரும் கனகராயன் ஆறு, வவுனிக்குளத்தின் பாலியாறு, முத்தையன்கட்டுப் பக்கம் என்று குளங்களின் மேற்புறமும் கழிவு வாய்க்கால் ஓரமும் பாருங்கள். ஓடும் நீரோரத்தில் நெருக்கமாக நிற்கும் பற்றையின் நடுத்தடிகள்தான் நேரானவை. ஓரத்தில் நிற்பவை வெளிச்சத்துக்குச் சாய்ந்து, காற்றில் ஆடி வளைந்திருக்கும். கையெட்டும் தூரத்தில் நிற்கிறது என்று அவற்றையே வெட்டி வருவதுதான் வழமையான பிழை.

மூன்று ஆபத்துகளைக் கருத்தில் வையுங்கள். ஆனையிறவு, முகமாலை, கிளாலிப் பக்கம் நீண்ட காலம் மிதிவெடி அகற்றல் நடந்த நிலம். சிவப்பு எச்சரிக்கைப் பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஊரார் நடக்காத பற்றைக்குள் கால் வைக்க வேண்டாம். வன்னிக் குளங்களில் முதலை உண்டு, இடுப்பளவு நீரில் நின்று வெட்டக் கூடாது. நாணற் சருகுக்குள் கண்ணாடிவிரியன் படுத்திருக்கும், எனவே கம்பால் தட்டிவிட்டு, நீண்ட சப்பாத்தோடு போங்கள். நாணல் இலையின் ஓரமும் கையைக் கீறும். முழுக்கைச் சட்டை நல்லது.

யாரிடம் அனுமதி கேட்பது? இந்த அம்பால் வேட்டையாடலாமா?

தனியார் காணி என்றால் காணிக்காரரிடம். சிறு குளம் என்றால் கமக்காரர் அமைப்பிடம் அல்லது கமநல சேவை நிலையத்தில். பெருங்குளமும் வாய்க்காலும் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு உரியவை. யாருடையது என்று தெரியாவிட்டால் கிராம அலுவலரிடம் கேளுங்கள். வாய்க்காலை அடைக்கும் நாணலை வெட்டுகிறேன் என்றால் பெரும்பாலும் சந்தோஷமாகவே விடுவார்கள். சுண்டிக்குளம் 1938இல் சரணாலயமாகி 2015இல் தேசியப் பூங்காவானது. அதற்குள் ஒரு புல்லும் பிடுங்கக் கூடாது.

வேட்டை கூடாது. 1937ஆம் ஆண்டின் விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது.

எப்போது வெட்டுவது?

மாரி முடிந்து, தடி நீளுவதை நிறுத்தி, பூங்கதிர் காய்ந்த பிறகு. தைக் கடைசியிலிருந்து பங்குனி வரை நல்ல காலம். மார்கழியில் பச்சையாக, சாறாக நிற்கும்போது வெட்டினால் காயும்போது சுருங்கி நீளவாக்கில் சுருக்கம் விழும். அதற்காக, சாம்பல் நிறமாகிப் பற்றைக்குள்ளேயே பட்டுப்போன பழைய தடியையும் எடுக்காதீர்கள். வெளியே நன்றாகத்தான் தெரியும், உள்ளே பூஞ்சணமும் உளுவும் வேலையைத் தொடங்கியிருக்கும். சோகை (தண்டைச் சுற்றிய இலையுறை) மஞ்சளாகி, தண்டில் இன்னும் கொஞ்சம் பச்சை மிச்சம் இருக்கும் தடியே சரி.

தேய்பிறையில் வெட்டினால் உளுக்காது என்பார்கள். தடை சொல்லவில்லை, ஆனால் சரியாகக் காயவைக்காத தடி எந்தப் பிறையில் வெட்டினாலும் உளுக்கும்.

ஒரு தடியைக் கையில் எடுத்தால் என்ன பார்க்க வேண்டும்?

அடியில் 9 முதல் 10 மில்லிமீற்றர், 90 சென்ரிமீற்றருக்கு அப்பால் 7 மில்லிமீற்றருக்குக் குறையாத தடிப்பு. பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் கணுவிடையின் நடுவை அழுத்துங்கள். அமுங்கினால் சுவர் மெல்லியது, விடுங்கள். கணுவில் பக்கமுளை வெடித்திருந்தால் அந்த இடம் பள்ளமாகிப் பலவீனப்படும். கணுவிடையில் உள்ள வளைவைச் சூட்டில் எடுக்கலாம், கணுவில் ‘ட’ போல மடங்கியதை எடுப்பது கடினம், கணுவுக்குக் கணு மாறிமாறி மடங்கியதை எடுக்கவே முடியாது. ஊசித்துளை தெரிந்தால் புழு உள்ளே இருக்கிறது.

ஒரு மீற்றர் நீளமாக வெட்டுங்கள். முடிந்த அம்பு 75 சென்ரிமீற்றர்தான் வரும், ஆனாலும் கணு எங்கே விழ வேண்டும் என்று பிறகு தெரிவு செய்ய இந்த மிச்சம் வேண்டும். பன்னிரண்டு அம்புக்கு ஐம்பது தடி வெட்டுங்கள். பேராசை அல்ல, காய்வதிலும் நேராக்குவதிலும் அளப்பதிலும் கழிபவை போக அவ்வளவுதான் தேறும்.

எப்படிக் காயவைப்பது?

இலையைக் களையுங்கள், தண்டைச் சுற்றிய சோகையை முதல் வாரம் விட்டுவையுங்கள், காய்வது மெதுவாகும். இருபது இருபத்தைந்தாகச் சேர்த்து, அடி நுனி மாற்றி அடுக்கி, நாலு இடத்தில் இறுக்கிக் கட்டி, நிழலில் படுக்கையாக வையுங்கள். கொட்டிலின் வளைக்கு மேல் நல்ல இடம். வாரம் ஒருமுறை அவிழ்த்து, புரட்டி, மறுபடி இறுக்குங்கள், ஏனென்றால் தடி சுருங்கக் கட்டு தளரும், தளர்ந்த கட்டுக்குள் தடி தன் பாட்டுக்கு வளையும். நாலு கிழமை போதும். பங்குனி வெயிலில் முற்றத்தில் பரப்பினால் மூன்று நாளில் காய்ந்துவிடும். நாலாம் நாள் வெடிப்பை எண்ணலாம்.

நேராக்குவது எப்படி? எனக்கு நெருப்பில் வெடித்துவிட்டதே.

வெடித்தால் தடி காயவில்லை. கணுவுக்குக் கணு மூடிய குழாய் அது. உள்ளே ஈரம் ஆவியாகி வழி தேடும். கண்ணுக்குக் கிட்டப் பிடிக்க வேண்டாம்.

சிரட்டைக் கரித்தணல்தான் இதற்கு ஏற்ற நெருப்பு. சுவாலை கூடாது, கருக்கும். தடியைத் தணலுக்கு நாலு விரற்கடை மேலே பிடித்து உருட்டிக்கொண்டே இருங்கள். கை வைக்க முடியாத சூடு வந்ததும் எடுத்து, வளைவுக்கு எதிர்ப்பக்கம் கொஞ்சம் கூடவே வளைத்து, சூடு ஆறும்வரை அப்படியே பிடியுங்கள். முப்பது எண்ணும் நேரம். பொறுமை கெட்டு உடனே விட்டால் பழைய வளைவுக்கே திரும்பும். முதலில் கணுவிடைகள், பிறகு கணுக்கள். கணுவை வளைக்கும்போது இரு பெருவிரல்களையும் கணுவின் இரு பக்கமும் வையுங்கள், கணுவின் மேல் அழுத்தினால் சுவர் நசியும். பிறகு ஒரு கண்ணை மூடி, தடியின் முனையிலிருந்து பார்த்துச் சுழற்றுங்கள். மறுநாளும் பாருங்கள், சில திரும்பியிருக்கும். கணு மேடுகளை அரத்தால் லேசாகத் தட்டையாக்கலாம், வெளித்தோலைச் சுரண்ட வேண்டாம், உறுதி முழுக்க அந்தத் தோலில்தான்.

என் வில்லுக்கு இந்தத் தடி போதுமா என்று எப்படி அறிவது?

நீளத்தைக் குறுக்குவதற்கு முன் விறைப்பை அளந்துவிடுங்கள். இரண்டு ஆணிகளை 66 சென்ரிமீற்றர் இடைவெளியில் அடித்து, தடியை அவற்றின் மேல் வையுங்கள். நடுவில் 907 கிராம், அதாவது இரண்டு இறாத்தல், தொங்க வேண்டும். ஒரு லீற்றர் சோடாப் போத்தலில் சுமார் 880 மில்லிலீற்றர் தண்ணீர் விட்டால் போத்தலோடு சேர்த்துக் கணக்கு வரும். சமையலறைத் தராசில் ஒருமுறை பார்த்துச் சரிசெய்யுங்கள். நடு எத்தனை மில்லிமீற்றர் இறங்குகிறது என்று அளவுகோலால் பாருங்கள். தடியின் விறைப்பையும் இறாத்தலில்தான் சொல்வார்கள்: 16.5 இறங்கினால் அது 40 இறாத்தல் தடி, கிட்டத்தட்ட 19 என்றால் 35, 14.7 என்றால் 45.

மரவில்லில் அம்பு பிடியின் பக்கத்தால் சுற்றி வளைந்து போக வேண்டியிருப்பதால், வில்லின் இறாத்தலைவிட ஐந்து குறைந்த தடி பெரும்பாலும் நன்றாகப் போகும். வலக்கைக்காரர் எய்யும் அம்பு தொடர்ந்து இடப்பக்கம் போனால் தடி விறைப்புக் கூட, வலப்பக்கம் போனால் குறைவு. ஒரு கட்டு அம்புகளுக்குள் இறக்க வித்தியாசம் இரண்டு மில்லிமீற்றரைத் தாண்டக் கூடாது. அம்புக்கு அம்பு வேறு இடத்தில் குத்துவதற்குக் காரணம் பலசமயம் கையல்ல, இந்த வித்தியாசம்தான்.

எடையையும் பாருங்கள்: வில்லின் ஒரு இறாத்தலுக்கு அம்பு 0.65 கிராம், 40 இறாத்தலுக்கு 26. வெறும் நாணல் அதற்குப் பாதிகூட வராமல் போகலாம். மிக இலேசான அம்பை எய்தால், அம்புக்குப் போகாத விசை வில்லுக்கே திரும்பி வில் வெடிக்கும். அதற்குத்தான் அடுத்த பதில்.

நாணல் பலவீனமானது, இலக்கில் பட்டதும் முன்பக்கம் சிதறுகிறது. என்ன செய்வது?

உறுதியான நாணலைத் தேடி அலைய வேண்டாம். முன்பக்கத்தில் நாணலே இருக்கக் கூடாது. வன்மரத் துண்டு ஒன்றை, முன்தண்டாக, பொள்ளலுக்குள் செருக வேண்டும். எகிப்தில் 1922இல் திறந்த துட்டன்காமன் கல்லறையில் கிடைத்த நாணல் அம்புகளும் இந்த முறையில் செய்தவைதான்.

இந்த வேலைக்கு யாழ்ப்பாணத்தில் இருப்பதுபோல மரம் வேறிடத்தில் கிடைப்பது அரிது: பனை. பழைய வீடு பிரிக்கும் இடத்தில் கறுத்த வைரம் பாய்ந்த பனஞ் சிலாகைத் துண்டு கேளுங்கள். நார் ஓடும் வழியே கத்தி வைத்துப் பிளந்து, 18 சென்ரிமீற்றர் நீளம், 7 மில்லிமீற்றர் தடிப்புக்கு உருட்டுங்கள். சீவுளி நாரைக் கிளப்பும். உடைந்த போத்தல் ஓட்டால் சுரண்டுவதே நல்லது. சிராம்பு ஏறினால் லேசில் வெளிவராது, கையுறை போடுங்கள். இந்தத் துண்டே ஆறேழு கிராம் வரும், எடைக் குறையும் பாதி தீரும்.

நாணலின் தடித்த அடிப்பக்கத்தை முன்பக்கமாக வையுங்கள். கடைசிக் கணுவுக்கு அப்பால் 5 சென்ரிமீற்றர் குழாய் மிஞ்சும்படி வெட்டி, முன்தண்டின் பின்முனையைப் பொள்ளலின் அளவுக்குச் சீவி, கணுவில் போய் முட்டும்வரை செருகுங்கள். முட்டாமல் பாதியில் நின்றால், இலக்கில் படும்போது ஆப்புப் போல உள்ளே இறங்கிக் குழாயைப் பிளக்கும். செருகும் முன் குழாயின் வெளிப்பக்கத்தில் மெழுகு நூலை அல்லது மருள் நாரை இரண்டு சென்ரிமீற்றருக்கு நெருக்கிச் சுற்றுங்கள். மருள் நார் பழைய காலத்தில் வில்நாணுக்கே போன நார்.

ஒட்டுவதற்கு, குங்கிலியத் தூள் நாலு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு, கரித்தூள் அரைப் பங்கு. பழைய பேணியில், மெல்லிய தணலில் உருக்குங்கள், சுவாலை பட்டால் பற்றிக்கொள்ளும். குங்கிலியம் கூடினால் கண்ணாடி போல நொறுங்கும், மெழுகு கூடினால் சித்திரை வெயிலில் இளகும். விளாம்பிசின் நன்றாக ஒட்டும், ஆனால் ஈரம் பட்டால் விட்டுவிடும், இறகுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நாண் பிடிக்கும் வெட்டு பிளந்துபோகிறது.

கணுவைத் தள்ளி எங்கேயோ வெட்டியிருப்பீர்கள். பின்முனை ஒரு கணுவுக்கு அப்பால் 15 மில்லிமீற்றரில் முடியட்டும். வெட்டு 6 மில்லிமீற்றர் ஆழம், அடியில் வட்டமாக. அப்போது பிளவு ஓடினாலும் கணு தடுக்கும். கணுவுக்கும் வெட்டுக்கும் நடுவில் நூல் சுற்றுங்கள். 35 இறாத்தலுக்கு மேல் என்றால் அந்தக் குழாய்க்குள்ளும் ஒரு சிறு மரமுளை இறுக்கி, பிறகு வெட்டுங்கள்.

எந்த இறகு?

வான்கோழி, தாரா, பெரிய சேவலின் சிறகு இறகு. ஒரு அம்பில் ஒட்டும் மூன்று இறகுகளும் ஒரே பக்கச் சிறகினதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்று இடம் சுழற்றும், மற்றது வலம் சுழற்றும். 11 அல்லது 12 சென்ரிமீற்றர் நீளம், ஒன்றரை சென்ரிமீற்றருக்கு மேல் உயரம் வேண்டாம். மயிலிறகு அழகுதான், மயில் பாதுகாக்கப்பட்ட பறவை, தொடாதீர்கள்.

நாணல் கிடைக்கவே இல்லை. வேறு வழி?

வளவில் நிற்கும் மஞ்சள் மூங்கிலைப் பிளந்து உருட்டலாம். மூன்று வருடத் தடியை எடுத்து, கிடுகுக்கு ஓலை ஊறவைப்பதுபோல மூன்று கிழமை தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்துப் பிளவுங்கள். மாச்சத்து கரைந்தால் உளு வராது. வேலை அதிகம், ஆனால் நாணலைவிட நீடிக்கும். வன்னிப் பக்கம் விண்ணாங்கு மரத்தின் நேரான கம்பும் உதவும். இலங்கை வேடர்களின் அம்புத்தடி அந்த மரம்தான்.

ஒரு நாணல் அம்பு எத்தனை காலம் பாவிக்கலாம்?

வெடிப்பு விழும்வரை. ஒவ்வொரு முறையும் எய்வதற்கு முன் காதருகே பிடித்து இரு கையாலும் லேசாக வளைத்துச் சுழற்றுங்கள். ‘கிறிக்’ என்ற மெல்லிய சத்தம் கேட்டால், கண்ணுக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும், அந்தத் தடியை முறித்துப் போடுங்கள். முறிக்காமல் மூலையில் சாத்தி வைத்தால் யாராவது எடுத்து எய்வார்கள். நாண் விட்ட கணத்தில் உடையும் நாணல் வில் பிடித்த கையின் பெருவிரல் அடிக்குள்தான் ஏறும்.